குளிசைக் கடைக்குப் போன மரண அறிவித்தல்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு, போகிற போக்கில் நான் ஏதாவது எழுதித் தரவேண்டுமாம். கடவுச்சொல்லை எப்படி வைப்பது, காப்புப் பிரதியை எத்தனை நாளுக்கு ஒருமுறை எடுப்பது என்றெல்லாம் எழுதினால் நீங்கள் வாசிக்கமாட்டீர்கள். உங்கள் வயதில் நானும் வாசிக்கவில்லை. ஆகவே நான் மடையனாக இருந்த இரண்டு நாட்களைப் பற்றி எழுதுகிறேன். மற்றவனின் மடைத்தனம் என்றால் மனிதர்கள் கடைசி வரி வரைக்கும் வாசிப்பார்கள்.

ஐம்பத்திரண்டு வயதில் ஓய்வு என்பது கொஞ்சம் முந்திய ஓய்வுதான். ஒரே கதிரையில் இத்தனை வருடம் இருந்தேன் என்பதே என் கால்களுக்கு ஆச்சரியம். யன்னலுக்கு வெளியே மெல்பேர்ண் வானம் ஒரு நாளில் நாலு தடவை மனம் மாறும். நான் உள்ளே அமர்ந்து ஒரே வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டிருந்தேன்: "எனக்குச் சரியாகத்தான் வருகிறது." நம் தொழிலில் அதிகம் சொல்லப்படும் வாக்கியம் இதுதான். நீங்களும் சொல்லத் தொடங்கியிருப்பீர்கள்.

இரண்டாயிரத்துப் பதினொன்று. நோபல் பார்க்கில் ஒரு கார்ப்பெட் கடைக்கு மேலே இருந்த சிறிய அலுவலகத்தில் மற்றவர்களின் இணையத்தளங்களைப் பராமரிப்பது என் வேலை. அது போதாதென்று, எங்கள் ஆட்களின் சங்கம் ஒன்றின் தளத்தையும் சும்மா கவனித்துக்கொடுத்தேன். அதில் மூன்று விஷயங்கள் இருந்தன: விழாப் படங்கள், படத்தில் தங்கள் முகம் வரவில்லை என்பவர்களின் முறைப்பாடுகள், மரண அறிவித்தல்கள். முதல் இரண்டையும் யாரும் பார்ப்பதில்லை. மூன்றாவதை உலகம் முழுவதும் பார்த்தது.

எங்கள் மரண அறிவித்தலை வாசித்தறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். செத்தவரைப் பற்றி அதில் ஒரு வரி இருக்கும். இருப்பவர்களைப் பற்றிப் பதினெட்டு வரி. இன்னாரின் அன்புக் கணவரும், இன்னாரின் பாசமிகு தந்தையும், இன்னார் இன்னாரின் அன்புச் சகோதரரும் என்று அது ஓடும். யாருடைய பெயர் இருக்கிறது, யாருடையது இல்லை, எத்தனையாவதாக இருக்கிறது என்பதைக் கொண்டே மூன்று கண்டங்களில் உள்ளவர்கள் அந்தக் குடும்பத்தின் சண்டைகளை வரிசைப்படி அறிந்துகொள்வார்கள். கடைசி வரி மட்டும் மாறாது: இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளவும். அந்த வரி வெளியானால் எல்லோருக்கும் சொல்லியாயிற்று. அதன் பிறகு எனக்குச் சொல்லவில்லை என்று ஒருவரும் சண்டைக்கு வரமுடியாது. வருவார்கள்தான், ஆனால் நியாயம் அவர்கள் பக்கம் இராது.

ஒரு திங்கட்கிழமை ரோவிலில் இருந்து துஷ்யந்தி என்கிற பெண் அழைத்தார். தகப்பன் பரமநாதன் முதல் நாள் மோசம் போய்விட்டார். வியாழன் காலை பத்து மணிக்குக் கிரியை. அவர் சொல்லச் சொல்ல நான் தட்டினேன். மனைவி, பிள்ளைகள், மருமக்கள் எல்லாம் ஒழுங்காக வந்தன. சகோதரர்களிடம் வந்ததும் குரல் தடுக்கியது.

"யோகநாதன், லண்டன். கமலாதேவி, கனடா." நின்றார். பின்னால் ஒரு பெண்குரல் கேட்டது. "அவற்ற பேர் வேண்டாம். அந்தாள் எங்களுக்கு ஆர்?"

"அம்மா, கொஞ்சம் சும்மா இருங்கோ. நீங்கள் எழுதுங்கோ அண்ணா: சோமநாதன், சிட்னி. அதையும் போடுங்கோ."

"மூத்தவரோ, இளையவரோ? ஒழுங்கு மாறினா எனக்குத்தான் ஏச்சு விழும்."

"மூத்தவர். எல்லாருக்கும் மூத்தவர்."

பின்னால் இருந்த குரல் கிட்ட வந்தது. "போடுறதெண்டா கடைசியில போடு! இல்லாட்டி என்ர பேரை எடுத்துவிடு!"

பிறகு துஷ்யந்தி களைத்த குரலில் சொன்னார்: "கடைசியிலேயே போடுங்கோ அண்ணா."

போட்டேன். தகப்பன் செத்த வீட்டில் மகளுக்குக் கிடைத்த சமாதானம் அவ்வளவுதான். அன்று பின்னேரமே அறிவித்தல் தளத்தில் ஏறியது. நானும் வழக்கம்போல முகவரியை அடித்துத் திறந்து பார்த்து, எனக்குச் சரியாக வருகிறது என்று திருப்திப்பட்டேன்.

செவ்வாய் பின்னேரம் ஒரு அழைப்பு. சிட்னி இலக்கம். வயது போன குரல்.

"தம்பி, அறிவித்தல் போடுற ஆளோ? வென்ட்வேர்த்வில் கடையில உங்கட நம்பர் ஒட்டிக் கிடந்தது."

"ஓம் அங்கிள், சொல்லுங்கோ."

"உங்கட சைட்டை அமத்தினா குளிசைக் கடை வருகுது."

"என்ன கடை?"

"குளிசை. மருந்து மாத்திரை." குரலைத் தாழ்த்தினார். "ஆம்பிளையளுக்கு. பலமா கேளாதேங்கோ, பக்கத்தில மனுசி நிக்கிறா."

நான் அந்த நொடியே தளத்தைத் திறந்தேன். பரமநாதன் கறுப்புச் சட்டத்துக்குள் இருந்து அமைதியாகப் பார்த்தார். குளிசையும் இல்லை, கடையும் இல்லை.

"எனக்குச் சரியாத்தான் வருகுது அங்கிள். உங்கட கொம்பியூட்டரில வைரஸ்."

"போன கிழமை வாங்கினது தம்பி."

"புதுசிலதான் அங்கிள் கெதியா வரும்."

எவ்வளவு அழகான பொய், பாருங்கள். எந்தப் புத்தகத்திலும் இல்லாத விஞ்ஞானம். ஆனால் நான் அதை நம்பிச் சொன்னேன்; அதுதான் பயங்கரம். அவர் "சரி தம்பி" என்று வைத்துவிட்டார். நான் அவரிடம் கணினியைப் பற்றி நாலு வார்த்தை சொல்லியிருந்தேன். அவர் யாருடைய அறிவித்தலைத் தேடுகிறார் என்று மட்டும் கேட்கவில்லை.

புதன் காலை மீண்டும் அதே இலக்கம்.

"தம்பி, நான் இப்ப லைப்ரரியில நிக்கிறன். இது கவுன்சில் கொம்பியூட்டர். இதிலயும் குளிசைதான். லைப்ரரிக்காரி என்னை ஒரு மாதிரிப் பாக்கிறா."

நான் பொறுமையுள்ளவனைப் போல நடித்து, தளத்தின் முகவரியை எழுத்து எழுத்தாகச் சொன்னேன். அவர் ஒற்றை விரலால் அடிப்பது தொலைபேசியில் கேட்டது. நீண்ட நேரம். பிறகு ஒரு பெருமூச்சு.

"நீங்கள் சொன்னபடிதான் அடிச்சனான். திரும்பவும் அந்தக் குளிசைக் கடை டொக்டர் சிரிக்கிறார்."

அவரைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு மற்றத் தொலைபேசியில் சங்கச் செயலாளரை அழைத்தேன். ஓய்வுபெற்ற கணக்காளர், எதிலும் எதிரியைக் காண்பவர்.

"ஐசே, எனக்கு வருகுது. பிரசிடென்டுக்கு வருகுது. கமிட்டியில எல்லாருக்கும் வருகுது. இது மற்றச் சங்கத்துக்காரற்ற வேலை. ஆளை விட்டுக் குழப்புறாங்கள். நீர் வெருண்டு போகாதையும்."

எங்கள் ஆட்கள் பத்துப் பேர் கூடினால் இரண்டு சங்கம். ஆகவே அது எனக்கு உடனே பொருந்திப் போயிற்று. சிட்னிக்காரரிடம் திரும்பி, இன்றுவரை காது சுடும் ஒரு கேள்வியைக் கேட்டேன்.

"அங்கிள், உண்மையைச் சொல்லுங்கோ. உங்களை ஆரும் கதைக்கச் சொல்லி விட்டவையோ?"

"இல்லைத் தம்பி," என்றார். "எனக்கு ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லை." வைத்துவிட்டார்.

எனக்கு எதிரே என் மேலாளர் இருந்தார். பெயர் சொன்னால் அவருக்குப் பிடிக்காது. தமிழில் ஒரு சொல் தெரியாது. ஆனால் நான் யாரையோ அவமதித்துவிட்டேன் என்பது என் குரலில் இருந்தே அவருக்குத் தெரிந்துவிட்டது. என்ன என்று கேட்டார். சொன்னேன்.

"நீ எப்படி உள்ளே போனாய்?"

"முகவரியை அடித்து."

"உங்கள் கமிட்டி?"

"அவர்களும்தான். எல்லோருக்கும் முகவரி மனப்பாடம்."

"அந்த மனிதர்?"

எனக்குத் தெரியவில்லை. கேட்கவில்லை.

மேலாளருக்கு எங்கள் முகவரி தெரியாது. ஆகவே தெரியாதவர்கள் செய்வதையே செய்தார்: தேடுபொறியைத் திறந்து சங்கத்தின் பெயரை அடித்தார். எங்கள் தளம் முதலாவதாக வந்தது. அதன் மேல் அழுத்தினார். திரை ஒருமுறை இமைத்தது. பிறகு நீலக் குளிசைகளின் மழை. நடுவில் கழுத்தில் குழாய் தொங்கும் ஒரு டாக்டர், சவர விளம்பரத்துக்கு வந்தவர்போலச் சிரித்துக்கொண்டிருந்தார்.

மேலாளர் திரையை என் பக்கம் திருப்பினார். நல்ல மேலாளர்கள் அப்படித்தான் கொல்வார்கள்.

இப்போது உங்களுக்கு விளங்கியிருக்கும். யாரோ எங்கள் தளத்துக்குள் புகுந்து, வாசலில் ஒரு காவல்காரனை நிறுத்தியிருந்தான். அவன் வருகிற ஒவ்வொருவரிடமும் ஒன்றே ஒன்று கேட்டான்: எந்தப் பக்கத்தால் வருகிறாய்? நேரே வந்தவனை, வீட்டுக்காரன் என்று உள்ளே விட்டான். தேடிக்கொண்டு வந்தவனைக் குளிசைக் கடைக்கு அனுப்பினான். வீட்டுக்காரனுக்குத் தெரியாமல் இருக்கும்வரைதான் வியாபாரம் என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது. சிட்னி மனிதர், நான் சொன்ன முகவரியைக்கூடத் தேடல் பெட்டிக்குள்தான் அடித்திருக்கிறார். வயது போனவர்களுக்கு இணையம் என்றால் அந்தப் பெட்டிதான். "எங்கே அடிக்கிறீர்கள்?" என்று நான் கேட்டிருந்தால் அரை நிமிட வேலை.

நான் விசைப்பலகை மேல் பாய்ந்தேன். மேலாளர் கையைக் காட்டித் தடுத்தார்.

"தளம் ஒரு மணி நேரம் பொறுக்கும். அந்த மனிதர்?"

இதுதான் அவரிடம் நான் கற்ற ஒரே பாடம். மற்றதெல்லாம் கையேட்டில் இருக்கிறது.

சிட்னி இலக்கத்துக்கு அழைத்தேன். ஐந்தாறு மணியடித்த பிறகு எடுத்தார். பின்னால் ரயில் போகும் சத்தம்.

"அங்கிள், நான் சொன்னதெல்லாம் பிழை. நீங்கள் சொன்னதுதான் சரி. மன்னிச்சுக்கொள்ளுங்கோ. ஆற்ற அறிவித்தலைத் தேடினனீங்கள்?"

"பரமநாதன்," என்றார். மிஸ்டர் இல்லை, அவர்கள் இல்லை. வெறும் பெயர், வீட்டுக்குள் கூப்பிடுகிற மாதிரி.

"நான் இப்பவே வாசிக்கிறன்."

"முழுக்க வாசியுங்கோ. ஒண்டும் விடாதேங்கோ."

வாசிக்கத் தொடங்கினேன். கரவெட்டியைப் பிறப்பிடமாகவும், மெல்பேர்ண் ரோவிலை வதிவிடமாகவும் கொண்ட. மனைவி பெயருக்கு ஒரு "ம்". பிள்ளைகளுக்கு ஒரு "ம்". மருமக்களுக்கு "ம், ம்" என்று அவசரப்படுத்தினார். சகோதரர்கள் வரி வந்தபோது மறுமுனையில் மூச்சே இல்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. சிட்னி. எல்லாருக்கும் மூத்தவர். செத்தவீடு நாளைக்கு; கடையில் யாரோ கதைத்தது அவர் காதில் விழுந்திருக்க வேண்டும்; வீட்டில் இருந்து ஒரு அழைப்புக்கூடப் போகவில்லை. அறிவித்தலில் பெயர் இருந்தால் வரலாம், இல்லையென்றால் வரமுடியாது. அதை இன்னொருவரிடம் கேட்டறியவும் முடியாது. ஆகவே இரண்டு நாளாக ஒற்றை விரலால் தம்பியின் பெயரை அடித்திருக்கிறார். நான் அவருக்கு வைரஸ் என்றேன்.

என் கண்ணுக்கு முன்னால் திரையில் இருந்தது: யோகநாதன், கமலாதேவி, சோமநாதன்.

என் வாய் வாசித்தது: "சோமநாதன், யோகநாதன், கமலாதேவி ஆகியோரின் அன்புச் சகோதரரும்."

ஏன் அப்படி வாசித்தேன் என்று கேட்காதீர்கள். யோசித்திருந்தால் ஒழுங்காக வாசித்திருப்பேன்.

"அந்த வரியைத் திரும்ப வாசியுங்கோ."

முதல் தடவை தடுமாற்றம் என்று சொல்லித் தப்பலாம். இரண்டாம் தடவை முழுப் பொய். அதே ஒழுங்கில் வாசித்தேன்.

"முதலாவதாவோ தம்பி?"

"ஓம் அங்கிள்."

"சரி. அப்ப நான் வைக்கிறன். அலுவல் கிடக்கு."

வைத்த பிறகுதான் என்னை நானே பார்த்தேன். எந்தப் பக்கத்தால் வருகிறாய் என்று கேட்டு, ஆளுக்கொரு பக்கத்தைக் காட்டுகிற திருடனைப் பிடிக்கப் புறப்பட்டவன், ஒரு வரி நிரல்கூட எழுதாமல் அதே வேலையைச் செய்திருந்தேன். திருடனாவது குளிசை விற்றான்.

உடனே துஷ்யந்தியை அழைத்து நடந்ததை மறைக்காமல் சொன்னேன். ஏசுவார் என்று எதிர்பார்த்தேன்.

"பெரியப்பா ஃபோன் எடுத்தவரோ?" என்றார். அவ்வளவு மெதுவாக. "அண்ணா, என்ர கலியாண அழைப்புக் கார்ட்டில அவற்ற பேர் விடுபட்டுப் போச்சு. அச்சடிச்சவன்ட பிழை. அப்பா போய்ச் சொல்லியும் அவர் நம்பேல்லை. அதோட எங்களோட கதைக்கிறதை விட்டவர். ஒன்பது வருசம். அப்பா ஆஸ்பத்திரியில கிடந்தும் அம்மா சொல்ல விடேல்லை."

"இப்ப என்ன செய்ய? பழையபடி விட்டிட்டு அவரிட்டச் சொல்லட்டோ?"

குசினியில் பாத்திரச் சத்தம் கேட்டது. தாய் அங்கே நின்றிருக்க வேண்டும்.

"முதலாவதாப் போடுங்கோ. அப்பா எழுதியிருந்தா அப்பிடித்தான் எழுதியிருப்பார். அம்மாவை நான் பாக்கிறன்."

போட்டேன். பிறகுதான் திருடனைத் தேடினேன். தளத்தின் அமைப்புக் கோப்பைத் திறந்தால் மேலே எல்லாம் சுத்தம். கீழே நூற்றுக்கணக்கான வெற்று வரிகள். உருட்டி உருட்டிப் போனால், பாழ்வளவின் மூலையில் ஒளிந்திருக்கிறவனைப் போலப் பத்து வரி. அவன் உள்ளே வந்த வழியும் தெரிந்தது. விழாப் படங்கள் பாட்டோடு ஓடவேண்டும் என்று கமிட்டி ஆசைப்பட்டதால் நானே பொருத்திய ஒரு சிறு மென்பொருள். இரண்டு வருடமாக நான் புதுப்பிக்கவில்லை. மத்தியானம் இரண்டு மணிக்குள் எல்லாம் துப்புரவு. மேலாளர் மீண்டும் தேடி அழுத்தினார். பரமநாதன் வந்தார். டாக்டர் போய்விட்டார்.

வியாழன் காலை நானும் செத்தவீட்டுக்குப் போனேன். தகனசாலை வாசலில் கார்களுக்கு இடம் காட்டிக்கொண்டு நின்றேன். குற்றமுள்ள மனதுக்குக் கைவேலை நல்லது. பத்துக்குக் கொஞ்சம் முந்தி ஒரு டாக்சி வந்தது. கபில நிறக் கோட்டுப் போட்ட உயரமான மனிதர், கையில் சின்னப் பை. "இந்தப் பக்கம் அங்கிள்," என்றேன். அவர் என் குரலைக் கேட்டு ஒருமுறை திரும்பிப் பார்த்தார். தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனார்.

நானும் பின்னால் போனேன். மண்டபம் அசையவில்லை. எல்லோருக்கும் அவரைத் தெரிந்திருந்தது. அவர் தம்பியின் கால்மாட்டில் நின்றார், நெடுநேரம். யாரும் கிட்டப் போகவில்லை. பெட்டிக்குப் பக்கத்தில் இருந்த பரமநாதனின் மனைவி, அவரைப் பாராமலே மகளிடம் சொன்னார்:

"மூத்தவர் எத்தினை நேரம் நிக்கிறது? முன்னுக்கு ஒரு கதிரை போடு."

ஒன்பது வருடத்துக்கு அது போதுமான வசனமா என்று எனக்குத் தெரியாது. கதிரை போட்டார்கள். அவர் இருந்தார்.

எல்லாம் முடிந்து சனம் வெளியே வந்தபோது அவர் நேரே என்னிடம் வந்தார். கோட்டுப் பையில் இருந்து நாலாக மடித்த தாள் ஒன்றை எடுத்து விரித்தார். எங்கள் அறிவித்தல். அச்சடித்த பிரதி. நான் சகோதரர்கள் வரியைத்தான் பார்த்தேன். யோகநாதன், கமலாதேவி, சோமநாதன்.

"நேற்று உங்களோட கதைச்ச பிறகு பிளேன் ரிக்கற் எடுத்திட்டுத் திரும்ப லைப்ரரிக்குப் போனனான்," என்றார். "கையில ஒரு பேப்பர் இருந்தா நல்லமெண்டு. அப்பவும் குளிசைதான். லைப்ரரிக்காரி பாவம், என்னவோ செய்து, தேடுற இடத்தில சேமிச்சு வைச்சிருந்த பிரதியை எடுத்துத் தந்தவ."

நீங்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்: நாம் மாற்றியவுடன் உலகம் மாறிவிடுவதில்லை. பழைய பிரதி ஒன்று எங்கோ இருந்துகொண்டேயிருக்கும்.

"அங்கிள்..." என்றேன்.

"இதை முதலே பாத்திருந்தா நான் வந்திருக்க மாட்டன் தம்பி. செவ்வாய்க்கிழமையே உங்கட சைட் ஒழுங்கா வேலை செய்திருந்தா, கடைசியில கிடக்கிற பேரைப் பாத்துப்போட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருப்பன். ரிக்கற் எடுத்த பிறகு பாத்ததால, சரி, காசும் குடுத்தாச்செண்டு வந்தன்." தாளைப் பார்த்தார். "கெட்டிக்காரன், அந்தக் குளிசைக் கடைக்காரன்."

சிரித்தாரா என்று நிச்சயமாகச் சொல்லமுடியாது. அண்ணன் தம்பி இருவருக்கும் ஒரே உதடு. கறுப்புச் சட்டத்துக்குள் இருந்த படத்திலும் அது பிடிகொடுக்காத உதடாகத்தான் இருந்தது.

ஆகவே, புதிதாக வந்திருப்பவர்களே, நான் கெட்டிக்காரனாக இருந்திருந்தால் ஒரு மனிதர் தன் தம்பியைக் கடைசியாகப் பார்த்திருக்க மாட்டார். அதற்காக நீங்கள் மடையர்களாக இருங்கள் என்று நான் சொல்லவில்லை; அது தானாக வரும். ஒருவர் அழைத்து, உங்கள் தளம் வேறு எங்கோ கொண்டுபோகிறது என்றால், உங்களுக்குச் சரியாக வருகிறதா என்று பார்ப்பதற்கு முதல், அவர் எதைப் பார்க்க வந்தார் என்று கேளுங்கள். அவருக்கு எதை வாசித்துக் காட்டலாம் என்பதில் எனக்குத் தெளிவில்லை. அந்த ஒரு வரியை நான் இன்றும் இரண்டு விதமாகவும் வாசித்துப் பார்க்கிறேன்.

டாக்சியில் ஏறும்போது அவர் யன்னலை இறக்கினார்.

"தம்பி, நீங்கள் ஃபோனில வாசிச்சது இப்ப சைட்டில இருக்கோ?"

"இருக்கு அங்கிள். துஷ்யந்தி மாத்தச் சொன்னவ."

"அதில ஒண்டு அனுப்பிவிடுங்கோவன். மனுசிக்குக் காட்டத்தான்."

அன்று பின்னேரமே அச்சடித்தேன். மின்னஞ்சலில் இணைப்பை அனுப்பத் துணிவு வரவில்லை. கடித உறைக்குள் வைத்து, அவர் தந்த விலாசத்தை வென்ட்வேர்த்வில் வரை பெரிய எழுத்தில் எழுதி, தபால்தலை ஒட்டிப் பெட்டிக்குள் போட்டேன். அது வேறு எங்கேயும் போகவில்லை.